கேம்பர் வேன் ஜன்னல்: கழற்றும் முன் அட்டையால் மூடிப் பாருங்கள்

கேம்பர் வேனின் (உள்ளேயே தங்கித் தூங்க வசதி செய்த வேன்) பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றித் தகடு பொருத்தும் முன், அந்த ஜன்னலை உள்ளிருந்து அட்டையால் மூடி, இரண்டு இரவும் ஒரு பகலும் வண்டியில் இருந்து பாருங்கள். வெளிச்சம் போனது உறுத்தினால் கழற்றி மாட்டும் பலகை போதும். உறுத்தாவிட்டாலும் கண்ணாடியை விட்டுவைத்து உள்ளே மூடுவதுதான் பெரும்பாலும் மலிவு. தொழிற்சாலையில் போட்ட பசை ஏற்கெனவே நீரைத் தடுக்கிறது; அதை அறுக்கும்போது சட்டத்தின் பெயின்டில் விழும் கீறலில்தான் துரு தொடங்கும்.

25 மி.மீ. நுரைப்பலகையைக் கண்ணாடியில் ஒட்டாமல் 1 செ.மீ. இடைவெளி விட்டு வைத்து, ஓரம் முழுக்க நுரைப்பட்டையால் அடைத்துவிடுங்கள். சிறு சந்து இருந்தாலும் மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளே போய்க் கண்ணாடியில் வியர்த்து, கீழ்ச் சட்டத்தில் தேங்கும். பலகையின் கண்ணாடியைப் பார்த்த பக்கம் கறுப்பாக இருந்தால், வெளியிலிருந்து டின்ட் கண்ணாடி போலத் தெரியும், ஆனால் வெயிலில் நன்றாகச் சூடேறும். தோற்றம் முக்கியமில்லை என்றால் வெள்ளையே மேல்.

ஏற்கெனவே கசிகிற, சட்டம் துருப்பிடித்த ஜன்னலுக்கு இது சரிவராது, கழற்றித்தான் ஆகவேண்டும். முன்கதவுக் கண்ணாடிகளையும் அவசர வழி ஜன்னலையும் நிரந்தரமாக மூடவே கூடாது.