ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்றால்: கண் பிரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண் பிரிவுக்குப் புதிதாக வரும் ஜூனியர் டாக்டர்கள் வருடா வருடம் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கண்ணாடி பவர் பார்ப்பதில் வரும் சில்லறைத் தவறுகளை விடுகிறேன். உயிருக்கு உலை வைப்பவை மட்டும் இங்கே.

ஒரு கண்ணை மூடிப் பார்க்காமல் விடுவது

எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டைப் பார்வை மறைகிறதா? இரண்டு கண்ணும் சேர்ந்து அசையவில்லை, நரம்பைத் தேடுங்கள். ஒரு கண்ணால் பார்க்கும்போதும் இரண்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் கண்புரை போன்ற கோளாறு.

"சுகர்தான்" என்று முடிவு கட்டுவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். கண்ணை அசைத்து இமையைத் தூக்கும் மூன்றாம் மண்டை நரம்பு செயலிழந்தால் இமை தொங்கும், கண் வெளிப்பக்கமாகக் கீழே விலகும். சர்க்கரை நோயாலும் இது வரும், பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகும். அதனால் சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் விட்டமின் மாத்திரை எழுதி, "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். கண்ணின் பாப்பாவை யாரும் பார்ப்பதில்லை.

பாப்பாவைச் சுருக்கும் இழைகள் இந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. மூளையின் அடியில், பின் இணைப்புத் தமனி பிரியும் இடத்தில் ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமாகிப் புடைத்தால், அதாவது அனியூரிசம் வந்தால், முதலில் நசுங்குவது அவைதான். பாப்பா விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும். சர்க்கரை கெடுப்பது நரம்பின் உட்பகுதியை என்பதால் பாப்பா பெரும்பாலும் தப்பிவிடும்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். "முந்தாநாள் டபுளா தெரிஞ்சது, இப்போ சரியாயிடுச்சு டாக்டர்." ஜூனியரும் தலையாட்டினார். சரியாகவில்லை, இமை முழுக்க மூடிவிட்டதால் ஒரு கண்ணால்தான் பார்க்கிறார். விரலால் இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். மறு கண்ணின் பாப்பா சட்டென்று சுருங்கியது, இது அகலத் திறந்தபடியே இருந்தது. அன்றே ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோ செய்து, புடைப்பு வெடிப்பதற்குள் காயில் என்னும் மெல்லிய கம்பிச் சுருளை உள்ளே வைத்து அடைத்தார்கள்.

பாப்பா சரியாக இருந்தாலும் உடனே நிம்மதியாகிவிடாதீர்கள். அடுத்த சில நாட்களில் விரியலாம், தினமும் பாருங்கள்.

பார்ப்பதற்கு முன்பே சொட்டு மருந்து

பாப்பாவை விரிக்கும் மருந்தை விட்டுவிட்டால் தடயமே போச்சு.

"சிடியில ஒண்ணும் இல்லை"

சாதாரண சிடி ரத்தக்கசிவைக் காட்டும், வெடிக்காத புடைப்பைத் தவறவிடும். ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஆஞ்சியோ அல்லது எம்ஆர் ஆஞ்சியோ கேளுங்கள்.

தலைவலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவது

இடி விழுந்த மாதிரி திடீர்த் தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம் என்றால் கசிவு தொடங்கியிருக்கலாம். பைக்கில் உட்கார வைத்து அனுப்பாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, நரம்பு அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள், அங்கே இருக்கும் டாக்டரிடம் நீங்களே போனில் பேசுங்கள்.