உடைந்த மரப் பந்தயக் காரைச் சரிசெய்வது: கடற்கரை வீடுகளுக்கான செய்முறை

கையால் செதுக்கிய மரக் கார் கீழே விழுந்து மூக்கு உடைந்தால், வீட்டில் முதலில் தேடுவது ஃபெவிக்விக்தான். அதை எடுக்க வேண்டாம். இராமநாதபுரம் கரையோரத்தில் ஒட்டு விட்டுப்போவதற்கு முக்கியமான காரணம் உப்பு. மரத்துக்குள் இறங்கிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. அதனால் இங்கே பழுதுபார்ப்பு கழுவுவதில்தான் தொடங்குகிறது.

இங்கே சொல்வது சரிவுப் பலகையில் தானாக உருண்டு ஓடும் கார்களுக்கு. இந்தப் பந்தயம் 1953-இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் சாரணச் சிறுவர்களுக்காகத் தொடங்கியது. அந்த வழக்கப்படி உடல் 7 அங்குலம், அதாவது சுமார் 18 செ.மீ. நீளம், மொத்த எடை 5 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 142 கிராமுக்கு மிகக்கூடாது. உங்கள் கார் வேறு அளவில் இருந்தாலும் முறை இதேதான்.

உடைந்த உடனே

சிதறிய சிம்புகளைக்கூட விடாமல் பொறுக்கி ஒரு கவரில் போடுங்கள். உடைந்த முகங்களைச் சேர்த்துச் சேர்த்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் நார் நுனிகள் நசுங்கும். பிறகு துண்டு பழையபடி பொருந்தாது. ஒரே ஒரு முறை பொருத்திப் பார்த்து, பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும்.

உப்பெடுத்தல், உலர்த்தல்

குடிதண்ணீரில் கழுவுங்கள். நம் பக்கம் பல கிணறுகளிலும் போர்வெல்களிலும் வருவது உப்புத் தண்ணீர்; அதில் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம். மழைநீர் சேமித்திருந்தால் இன்னும் நல்லது. ஊறவைக்கக் கூடாது. மென்மையான பல்துலக்கியை நனைத்து உடைந்த முகத்தை மெல்லத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுங்கள். இப்படி மூன்று முறை. அச்சுத் துளைக்குள் மணல் இருந்தால் குச்சியில் சுற்றிய பஞ்சால் எடுங்கள்.

பிறகு நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திச் சுருங்கி, மரத்தின் முனைகளில் புதிய விரிசல் விழும். காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் எடை மாறவில்லை என்றால் ஒட்டலாம். வாடைக்காற்று வீசும் மழை மாதங்களில் மூடியுள்ள டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் நாலைந்து போட்டு வைத்தால் வேகமாகக் காயும்.

விரிசலா, முறிவா?

மரத்தின் நார் ஓடும் திசையிலேயே பிளந்திருந்தால் உங்களுக்கு நல்ல காலம். ஃபெவிகால் மரைன் போன்ற தண்ணீர் தாங்கும் பசை போதும். மெல்லிய பிளேடால் விரிசலைச் சற்றே திறந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பசையை உள்ளே இறக்குங்கள். பழைய சைக்கிள் டியூபை 1 செ.மீ. அகலத்துக்கு நீளமாக வெட்டி, அடியில் பாலித்தீன் தாள் வைத்து, இழுத்துச் சுற்றுங்கள். கிளாம்ப் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல பிடி கிடையாது. வளைந்த உடலையும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிட்டு, 24 மணி நேரம் தொடாதீர்கள்.

நாருக்குக் குறுக்கே முறிந்த மூக்கோ பின்சிறகோ வேறு கதை. அந்த முகத்தில் திறந்திருப்பவை நாரின் வாய்கள். பசையை உறிஞ்சிவிடும், இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது. முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு இரண்டாவது பூச்சு. அதோடு மூங்கில் ஆப்பும் வேண்டும்: உடைந்த முகங்கள் இரண்டிலும் 2 மி.மீ. பிட்டால் 10 மி.மீ. ஆழம் துளைத்து, 2 மி.மீ. தடிமனுக்குச் சீவிய மூங்கில் குச்சியைப் பசையோடு இறக்குங்கள். அகலமான இடமென்றால் இரண்டு ஆப்பு.

சிம்பு தொலைந்து இடைவெளி இருந்தால் அரால்டைட் என்ற எபாக்சிப் பசை. பொதியில் சொன்ன அளவில் இரண்டு பகுதியையும் கலந்து, அதே மரத்தின் தூளைச் சேர்த்துக் களிப் பதத்துக்குக் கொண்டுவந்து நிரப்புங்கள். தேக்கு உடலானால் ஒட்டும் முன் தின்னரால் ஒரு முறை துடையுங்கள். அதன் எண்ணெய்ப்பசை ஒட்டைத் தடுக்கும். படகுப் பட்டறையில் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் மரத்தில் எபாக்சி அளவுக்குப் பிடிக்காது. அங்கே கேட்டு வாங்க வேண்டியது பூவரசு, தேக்குத் துண்டுகளை.

ஃபெவிக்விக் ஏன் வேண்டாம்? அதிர்ச்சி தாங்காது, அடுத்த மோதலில் அதே இடத்தில் விடும். அதைவிடக் கெடுதல், ஒருமுறை அது ஊறி இறுகிய மரத்தில் வேறு பசை இறங்காது.

அச்சும் சக்கரமும்

இரும்பு ஆணி அச்சு இந்தக் காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். தேய்த்து மினுக்கினாலும் குழி விழுந்த ஆணி சக்கரத்தை அரித்துவிடும், மாற்றிவிடுங்கள். துருப்பிடிக்காத சைக்கிள் ஸ்போக் கம்பி 2 மி.மீ. இருக்கும், அச்சுக்கு மிகப் பொருத்தம். தளர்ந்த பழைய துளையைக் காகிதம் சுற்றி இறுக்க வேண்டாம். மூங்கிலால் பசையோடு அடைத்து, ஒரு நாள் கழித்துப் புதிதாக 2 மி.மீ. துளை போடுங்கள். உடலின் குறுக்கே கம்பியைச் செலுத்திச் சக்கரங்களை மாட்டி, 2.5 சதுர மி.மீ. மின்கம்பியின் மேலுறையில் சிறு துண்டு வெட்டி முனையில் செருகினால் சக்கரம் கழலாது. உறைக்கும் சக்கரத்துக்கும் நடுவே அரை மி.மீ. இடம் விடுங்கள்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை இடது பக்கமும் வலது பக்கமும் அளந்து பாருங்கள். அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

ஒரே பலகையில் அறுத்த சக்கரம் கோணுவது இங்கே சகஜம். மரம் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கி விரியும்; அதனால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். உப்புத்தாள் தேய்த்து வட்டமாக்கினாலும் அடுத்த மழையில் மறுபடி கோணும். 6 மி.மீ. மரைன் பிளைவுட்டில், டிரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும் ஹோல் சா கொண்டு புதிதாக வெட்டுவதே எங்கள் பரிந்துரை. பிளையின் அடுக்குகளில் நார் மாறி மாறிக் குறுக்காக ஓடுவதால் வடிவம் நிற்கும்.

எடையும் பூச்சும்

ஒட்டிய பின் மறுபடி நிறுங்கள். பசையும் ஆப்பும் சேர்ந்து எடை கூடியிருக்கும். அடிப்புறத்தில் உளியால் சுரண்டிக் குறைக்கலாம். எடை போதாவிட்டால் வலைச்சாமான் கடையில் ஈயக்குண்டு கிடைக்கும். பின் அச்சுக்கு 2.5 செ.மீ. முன்னால் காரின் சமநிலைப் புள்ளி வருமாறு பதியுங்கள். ஈயத்தை உருக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காமல் நீங்களே பதித்து, மேலே அரால்டைட் பூசி மூடிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

உப்புத்தாள் 180, 240, 400 என்ற வரிசையில், நார் ஓடும் திசையில் மட்டும். பிறகு சீலர் இரண்டு கை, வார்னிஷ் இரண்டு கை. வார்னிஷுக்குப் பதில் லாக்கர் அடிப்பதானால், ஈரக்காற்றில் அது பால் போல வெளுத்துப் பூக்கும்; காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். அடிப்புறத்தையும் முனைகளையும் விட்டுவிடாதீர்கள், ஈரம் ஏறுவது அங்கேதான். அச்சுத் துளைக்குள் மட்டும் பூச்சு போகக்கூடாது.

அச்சுக்கு எண்ணெய் வேண்டாம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் பறக்கும் மணல் எண்ணெயில் ஒட்டி அரைத்துவிடும். பென்சில் கரியை நன்றாகப் பொடித்துத் தூவி, சக்கரத்தை ஐம்பது சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

பிளவு அச்சுத் துளைக்குள்ளேயே ஓடியிருந்தாலோ உடலைக் கரையான் தின்றிருந்தாலோ ஒட்டுப்போட்டுப் பயனில்லை. பழைய உடலைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அந்த அளவிலேயே புதிய உடல் அறுத்து, பழைய சக்கரங்களை அதில் மாட்டுங்கள்.