இளவேனிலில் குழந்தைகளோடு அறிவியல்: வடசென்னைப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைகளில் கிடைக்கும் சிறுவர் செயல்பாட்டுப் புத்தகங்களில் வசந்தகாலம் என்றால் பனி உருகுவதும் ட்யூலிப் மலர்வதும்தான். அந்தப் பக்கங்களை அப்படியே தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வளரும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாடமாக்குவது முதல் தவறு. 'இந்தத் தெருவில் பார்க்க என்ன இருக்கிறது' என்று கைவிட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. பங்குனி, சித்திரையில் அரசமரம் செம்பு நிறத்தில் துளிர்க்கிறது. புங்கை தளிரும் பூவுமாக நிற்கிறது. வருடப்பிறப்புப் பச்சடிக்கு நாம் தேடும் வேப்பம்பூ நடைபாதையெங்கும் உதிர்ந்து கிடக்கிறது. குழந்தைக்கு அறிமுகமான மரத்தில் தொடங்கும் பாடமே நிலைக்கும்.

அந்த மரத்தடியில் நாம் செய்யும் அடுத்த தவறு, விடையை முந்திச் சொல்வது. அரசமரத்தின் சிவந்த தளிர், பச்சை இலை, பழுத்த இலை மூன்றையும் கொடுத்து, எது முதலில் பிறந்தது என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். குழந்தை தவறாக அடுக்கினால் திருத்த வேண்டாம். ஒரே கிளையின் நுனியையும் அடியையும் காட்டினால் அதுவே மாற்றி அடுக்கும்.

விதை முளைக்க வைப்பதில் தவறுகள் அதிகம். பஞ்சைத் தண்ணீரில் மூழ்கடித்து அதில் ஒரே ஒரு பயற்றை வைக்கிறோம். காற்று கிடைக்காமல் அது அழுகிவிட, குழந்தை அழுகிறது. பத்துப் பயறாவது வேண்டும்; பஞ்சு ஈரமாக இருந்தால் போதும். 'வெயில் இருந்தால்தான் முளைக்கும்' என்று சொல்லித் தருவதும் பிழையே. அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பவர்கள் அதை இருட்டறையில்தான் வைக்கிறார்கள். பயிர் வெளிர்மஞ்சளாக நீண்டு வளர்கிறது. இரண்டு கிண்ணங்களில் பச்சைப்பயறு ஊன்றி, ஒன்றைச் சன்னலோரத்திலும் மற்றதை அலமாரிக்குள்ளும் வையுங்கள். நீரின் அளவும் பயற்றின் எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும், ஏனெனில் பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் எது நேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சில நாள் கழித்து அலமாரிக் கிண்ணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் மஞ்சள் பயிர் பச்சையாவதைக் குழந்தை தன் கண்ணால் பார்க்கும்.

கறிவேப்பிலைத் தொட்டியில் காணும் புழுவை மூடிய பாட்டிலில் அடைக்காதீர்கள். சென்னை வெயிலில் அது புழுங்கிச் செத்துவிடும். முதலில் பறவை எச்சம் போலவும் பிறகு பச்சையாகவும் மாறும் அந்தப் புழுவுக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை போன்ற இலைகளே உணவு. கைக்குக் கிடைத்த வேறு இலையைப் போட்டால் அது பட்டினி கிடக்கும். செடியிலேயே விட்டு, தினமும் காலையில் பூதக்கண்ணாடியோடு போய்ப் பாருங்கள். முருங்கையில் மொய்க்கும் கம்பளிப்பூச்சியையும், கண்ணில் பட்டால் கெடுதி செய்யும் எருக்கம்பாலையும் குழந்தை தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'உச்சி வேளையில் சூரியன் நேர் மேலே இருக்கும், நிழல் விழாது' என்று தினமும் நடப்பதுபோலச் சொல்லிவிடுகிறோம். சென்னையில் அது ஆண்டுக்கு இரண்டே முறை, ஏறக்குறைய ஏப்ரல் 24 அன்று பகல் 12 மணி 7 நிமிட அளவிலும், ஆகஸ்ட் 18 அன்று 12 மணி 13 நிமிட அளவிலும்தான் நிகழ்கிறது. இதை அந்த ஒரு நாள் வேடிக்கையாக முடித்துக்கொள்ள வேண்டாம். பங்குனியிலிருந்தே வாரம் ஒருமுறை மொட்டைமாடியில் ஒரு குச்சியை நேராக நிறுத்தி, அதே உச்சி வேளையில் நிழல் நுனியைச் சாக்பீசால் குறித்து வந்தால், வடக்கே விழுந்த நிழல் குறுகி, மறைந்து, பிறகு தெற்கே விழத் தொடங்குவது தரையிலேயே தெரியும். காலில் செருப்பு, தலையில் தொப்பி, ஐந்து நிமிட வேலை, அவ்வளவே. கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டுகூடச் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. மற்ற வெளிவேலைகளைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

நீரைத் தொட்டுப் பார்ப்பது குழந்தைக்கு இயல்பு என்றாலும், எண்ணூர் கழிமுகத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆலைக் கழிவும் சாம்பலும் சேரும் நீர் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கழிமுகத்தில் பரவியது. கொக்கையும் அலையாத்திச் செடியையும் கரையில் நின்றே பார்க்கலாம். நம் கடலோரத்தில் மணலுக்குப் பதில் பாறாங்கல் ஏன் கிடக்கிறது என்பதைக் குழந்தை வீட்டில் ஒரு தட்டிலேயே கண்டுகொள்ளும். மணலும் நீரும் இட்டு, நடுவே ஒரு கட்டையைக் குறுக்கே வைத்து, ஒரு பக்கமிருந்து சாய்வாக அலையெழுப்பச் சொல்லுங்கள். கட்டைக்கு ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் எழுந்தபின், வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டு மெரினா அகன்றதும் ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்ததும் இப்படித்தான்; அந்த அரிப்பைத் தடுக்கத்தான் பாறாங்கல் கொட்டப்பட்டது. ஆனால் தட்டில் நடப்பதைப் பார்க்கும் முன்பே இந்த வரலாற்றைச் சொல்லிவிடாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் காசிமேட்டில் படகுகள் கரையில் நிற்கும். அந்த 61 நாளை மீன் விலை ஏறும் காலமாக மட்டுமே பேசிக் கடந்துவிடுகிறோம். மீன்கள் பெருகுவதற்காக விடப்பட்ட இடைவெளி என்பதைக் குழந்தைக்குச் சொல்வதில்லை. நாட்டுப்படகில் வந்த மீன் வீட்டுக்கு வரும்போது ஆய்வதற்கு முன் செவுளைத் தூக்கிச் சிவந்த இழைகளைக் காட்டுங்கள். சங்கராவைத் தடவிச் செதிலை உணரட்டும்; முள்ளை வெட்டிய பிறகு கெளுத்தியையும் தடவட்டும். கெளுத்திக்கு ஏன் செதில் இல்லை என்று கேட்டால், உடனே போனில் தேடிப் படிக்காமல், அந்தக் கேள்வியைத் தேதியோடு நோட்டில் எழுதி வைத்து, அடுத்த வாரம் செதில் இல்லாத வேறொரு மீனையும் வாங்கி வாருங்கள்.