மலைக் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் டே: மாணவர் மன்றமே நடத்துவது எப்படி

நீலகிரியில் பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர் மன்றங்கள் ஆண்டு விழாவுக்கும் ஸ்போர்ட்ஸ் டேக்கும் முதலில் தேடுவது வாடகைக் கடையைத்தான். தேவையானதில் பெரும்பகுதி கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. சர்வே அறையில் தரையின் ஏற்ற இறக்கம் பார்க்கும் டம்பி லெவலும், கோணம் அளக்கும் தியோடலைட்டும் இருக்கின்றன. லேத்தும் வெல்டிங் செட்டும் இருக்கின்றன. எலக்ட்ரிக்கல் லேபில் வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் இருக்கிறது. டிராக்கை சிவில் மாணவர்களும், சாமான்களை மெக்கானிக்கல் மாணவர்களும், கரண்டையும் மைக்செட்டையும் எலக்ட்ரிக்கல் மாணவர்களும் எடுத்துக்கொண்டால் வேலை நன்றாக நடக்கும், பாடமும் மனதில் நிற்கும். சந்தா வசூலுக்கு ரசீதுப் புத்தகம், சாமானுக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர், பணம் எடுக்க ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என இரண்டு கையெழுத்து: நிர்வாகத்துக்கு இது போதும்.

தேதி விஷயத்தில் மட்டும் சமவெளிக் கல்லூரிகளைப் பார்த்து நடக்கக் கூடாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை விடாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரும் நவம்பரும்தான் ஆபத்து. மலைப்பாதையில் மண் சரிந்தால் வெளியூர் அணிகள் வந்து சேராது. டிசம்பர் கடைசியில் தொடங்கும் எத்தையம்மன் பண்டிகைக்குப் படுகர் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஏப்ரல், மே சீசன் கூட்டத்தில் வேனும் கிடைக்காது, ரூமும் கிடைக்காது. ஆகவே பிப்ரவரி, மார்ச். உதகை, தலைகுந்தா பக்கம் பிப்ரவரியிலும் சில நாள் காலையில் புல் மேல் உறைபனி இருக்கும். முதல் ஓட்டத்தை ஒன்பதரை மணிக்கு முன் வைக்க வேண்டாம்.

கிரவுண்டும் டிராக்கும்

மலையை வெட்டிச் சமன் செய்த கிரவுண்டில் 400 மீட்டர் டிராக்குக்கு இடம் கிடைப்பது அரிது. 200 மீட்டர் டிராக்கே போதும். சுண்ணாம்புக் கோடு போடும் முன் தரையின் வாட்டத்தைப் பாருங்கள். ஓடும் திசையில் இறக்கம் 1000க்கு 1, பக்கவாட்டில் 100க்கு 1, அதற்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. டம்பி லெவலை நடுவில் நிறுத்தி 10 மீட்டருக்கு ஒரு ரீடிங் எடுத்தால் அரை நாளில் தெரிந்துவிடும். வடிகாலுக்காக ஒரு பக்கம் வாட்டம் விட்டிருப்பார்கள். அந்த வாட்டம் டிராக்கின் அகலத்தில் விழும்படி நேர்ப்பகுதியின் திசையைத் தேர்ந்தெடுங்கள்.

நான்கு லேன், லேனுக்கு 1.22 மீட்டர். நேர்ப்பகுதி 40 மீட்டர் என்றால் இரண்டு நேர்ப்பகுதிக்கு 80 மீட்டர் போக, வளைவுகளுக்கு 120 மீட்டர் மிச்சம். ஓட்டத்தை அளக்கும் கோட்டின் ஆரம் 19.10 மீட்டர். கல் விளிம்பு இல்லாத சுண்ணாம்பு டிராக்கில் இந்த அளவை உள்கோட்டுக்கு 20 செ.மீ. வெளியே எடுக்க வேண்டும். எனவே கோடு போடும் ஆரம் 18.90. மொத்தத்தில் சுமார் 88 மீட்டர் நீளமும் 48 மீட்டர் அகலமும் வேண்டும். கிரவுண்ட் அவ்வளவு அகலம் இல்லையென்றால் நேர்ப்பகுதியை 50 மீட்டர் ஆக்குங்கள். ஆரம் 15.72 ஆகும், அகலம் 42 மீட்டருக்குள் அடங்கும், நீளம் 92 வரை போகும். அதற்கும் இடமில்லாத இடத்தில் டிராக்கை நெருக்க வேண்டாம். வளைவு இறுகினால் ஈரப் புல்லில் கால் வழுக்கும்.

இரண்டு வளைவுகளின் மையப் புள்ளிகளில் முளை அடித்து, 6-8-10 மீட்டர் முக்கோணத்தால் செங்கோணம் எடுத்து, நேர்ப்பகுதிகளின் நான்கு முனைகளால் அமையும் செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமமா என்று பாருங்கள். ஆரத்துக்குக் கயிறு வேண்டாம். பனியில் நனைந்த கயிறு சுருங்கும், இழுத்தால் நீளும். ஸ்டீல் டேப்தான் சரி. வளைவு போட்டதும் கோட்டுக்கு 20 செ.மீ. வெளியே டேப்பைப் படியவைத்து அளந்தால் 40 மீட்டர் டிராக்கில் ஒவ்வொரு வளைவும் 60.00 வர வேண்டும். 10 செ.மீ. பிசகினால் மைய முளை நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

அதிகம் தவறு நடக்கும் இடம் ஸ்டேகர், அதாவது வெளி லேன்காரர்களை ஸ்டார்ட்டில் முன்னே தள்ளி நிறுத்தும் அளவு. உடற்கல்விப் புத்தகங்களில் இரண்டாவது லேனுக்கு 7.04 மீட்டர் என்று இருக்கும். அது விளிம்புக் கல் வைத்த டிராக்கின் கணக்கு. அங்கே முதல் லேனை 30 செ.மீ. தள்ளியும் மற்றவற்றை 20 செ.மீ. தள்ளியும் அளப்பார்கள். வெறும் சுண்ணாம்புக் கோட்டில் எல்லா லேனுக்கும் 20 செ.மீ.தான். அதனால் ஒரு சுற்றுக்கு ஸ்டேகர் 7.67, 15.33, 23.00 மீட்டர். 7.04 போட்டால் இரண்டாவது லேன்காரர் 63 செ.மீ. கூடுதலாக ஓடுகிறார்.

அடுத்த தவறு, இந்த 23 மீட்டரை டேப்பை நேராக இழுத்து அளப்பது. ஸ்டேகர் வளைவின் மேல் எடுக்க வேண்டிய அளவு. நேராக இழுத்தால் நான்காவது லேன்காரருக்கு ஒரு மீட்டருக்கு மேல் சலுகை கிடைத்துவிடும். தியோடலைட் இருக்கும் கல்லூரிக்கு இதில் கவலையே வேண்டாம். முதல் வளைவின் மைய முளை மேல் கருவியை நிறுத்தி, ஸ்டார்ட் கோட்டை பூஜ்யமாக வைத்து, 40 மீட்டர் டிராக்குக்கு இரண்டாவது லேனில் 21°37′, மூன்றாவதில் 40°47′, நான்காவதில் 57°53′ திருப்பிப் புள்ளி வையுங்கள். கோணம் பார்க்கும் திசையிலேயே ஸ்டார்ட் கோடு போட்டால், அது லேனுக்கு நேர்க்குறுக்காகவும் அமைந்துவிடும்.

சுண்ணாம்பு நன்றாக நீற்றியதாக இருக்க வேண்டும். நீறாத சுண்ணாம்பு ஈரப் புல்லில் சூடாகிக் கண்ணையும் தோலையும் பொசுக்கும். முந்தின நாள் போட்ட கோடு இரவுப் பனியில் கரைந்து மங்கும். புள்ளிகளில் துணி கட்டிய ஆணியைத் தரைமட்டத்துக்கு அடித்து வைத்துவிட்டு, கோட்டைக் காலையில் புல் உலர்ந்ததும் இழுங்கள். ஆணிகளின் எண்ணிக்கையை எழுதிவைத்து, முடிந்ததும் எண்ணிப் பிடுங்க வேண்டும்.

100 மீட்டர் ஓட்டத்துக்கு ஃபினிஷ் கோட்டைத் தாண்டி நிற்க 15 மீட்டராவது வேண்டும். பல கிரவுண்டுகளில் அந்த இடத்தில் தடுப்புச்சுவரோ பள்ளமோதான் இருக்கும். மெத்தையைச் சாத்திவைத்துச் சமாளிப்பதைவிட 60 மீட்டர் ஓட்டமாக வைப்பதே நல்லது. ஈட்டி, வட்டு இரண்டும் கீழே ரோடோ தேயிலைத் தோட்டமோ இருக்கும் கிரவுண்டில் கூடவே கூடாது. குண்டு எறிதல் போதும். வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். மையத்திலிருந்து 20 மீட்டர் தூரத்தில், குண்டு விழும் பகுதியின் இரண்டு எல்லைக் கோடுகளுக்கும் இடையில் 12 மீட்டர் இருந்தால் 34.92° கோணம் சரியாக வரும்.

பந்தும் காற்றும்

உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் கிட்டத்தட்ட இதே உயரம்தான். அங்கே பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். நெடுந்தூர ஓட்டங்களிலோ நேரம் மந்தமாக இருந்தது. இங்கும் அதே மெல்லிய காற்றுதான். கோவை, ஈரோட்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் சேர்ந்த முதலாண்டு மாணவர்களை முதல் இரண்டு மூன்று வாரம் 1500 மீட்டருக்கு மேல் போட்டியாக ஓடவிடாதீர்கள். குளிர்ந்த காற்றில் இழுப்பு வரும் மாணவர்கள் இன்ஹேலரை கிரவுண்டுக்கே எடுத்து வரட்டும். வார்ம்-அப் 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

கோயம்புத்தூரில் வாங்கி, அங்கேயே காற்றடித்து வரும் பந்துதான் அடிக்கடி பிரச்னை செய்யும். வாலிபால் உள்ளழுத்தம் 0.30 முதல் 0.325 கிலோ/ச.செ.மீ. அங்கே 0.30 வைத்த பந்து உதகைக்கு வந்ததும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், குளிரில் கொஞ்சம் இறங்கியும்கூட ஏறக்குறைய 0.4 காட்டும். கல்லாக இருக்கும், பாஸ் கொடுக்கும் கை சிவந்துவிடும். காற்றை மேலே வந்து, பந்து குளிர்ந்தபின், கேஜ் வைத்துத்தான் அடிக்க வேண்டும். வெயில் ஏறியதும் மறுபடி பாருங்கள்.

ஷட்டில் இங்கே வேகமாகப் பறக்கும். கீழே 76, 77 வேக எண் ஷட்டில் வாங்குகிறவர்கள் இங்கே 75 அல்லது 74 கேட்டு வாங்குங்கள். சோதனை எளிது: பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. உள்ளே விழ வேண்டும். கோட்டைத் தாண்டினால் இறகு நுனிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக லேசாக வெளியே மடக்கலாம்.

லேத் பட்டறையில் ரிலே பேட்டன் செய்துகொள்ளலாம். 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள அலுமினியக் குழாய், 28 முதல் 30 செ.மீ. நீளம், எடை 50 கிராமுக்குக் குறையாமல். இரு முனையிலும் பிசிறை அரத்தால் எடுக்காவிட்டால் உள்ளங்கை கிழியும். வாலிபால் கம்பம் 2.55 மீட்டர் உயரம், பக்கக்கோட்டுக்கு அரை முதல் ஒரு மீட்டர் வெளியே. பந்து உருண்டு போகாமல் பள்ளத்தின் பக்கம் வலை கட்ட நான்கு கம்பம் அதிகமாகவே வெல்டு செய்துவையுங்கள்.

மாலை ஆட்டம், மைக்செட், கரண்ட்

படுகர் பாட்டு போட்டால் எல்லாரும் இறங்கி ஆடுவார்கள். அதை மேடையில் அடைக்க முயல வேண்டாம். ஆளுக்கு 90 செ.மீ. என்றால் 60 பேர் வட்டத்துக்கு 8.6 மீட்டர் ஆரம் வேண்டும். அதற்கு 1.5 மீட்டர் உள்ளே இன்னொரு வட்டத்தில் 49 பேர் நிற்கலாம். காலையில் போட்ட வளைவின் மைய முளையையே இதற்கும் பயன்படுத்தலாம். அடவையும் உடையையும் படுகர் ஊர் மாணவர்கள் சொல்கிறபடி விடுங்கள். கோத்தர், தோடர், பணியர் மாணவர்களின் ஆட்டங்களுக்கும் அவர்களைக் கேட்டு, சடங்குக்கு உரியதைத் தவிர்த்து, அவர்கள் தரும் ஆட்டத்தை மட்டும் நிகழ்ச்சியில் சேருங்கள். ஸ்பீக்கர்களை கிரவுண்டின் இரு எதிர்முனைகளில் வைத்தால் தாளம் இரண்டாகக் கேட்டு அடி பிசகும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் வையுங்கள்.

கட்டடத்திலிருந்து 100 மீட்டர் தூரத்துக்கு 2 கிலோவாட் இழுப்பதாக இருந்தால் 1.5 ச.மி.மீ. வயர் போதாது, வழியிலேயே 20 வோல்ட்டுக்கு மேல் விழும், ஆம்ப்ளிஃபயர் இரையும். 4 ச.மி.மீ. செம்பு வயரில் இழப்பு 8 வோல்ட்தான். ஈரப் புல் என்பதால் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லாமல் லைனை விடவே கூடாது. இணைப்புகளைத் தரையில் கிடத்தாமல் கழியில் கட்டுங்கள். முன்கூட்டியே மெகர் போட்டுப் பாருங்கள்.

ஜெனரேட்டர் எடுப்பதாக இருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் திறனை அப்படியே நம்ப வேண்டாம். பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3.5 சதவீதம் இழக்கும். உதகையில் 5 கேவிஏ செட் 3.7 தந்தால் சரி. கீழே இருந்து வந்த செட் கரும்புகை விட்டால் கலவையில் பெட்ரோல் அதிகமாகிவிட்டது, ப்ளக் கரிபிடிக்கும். மலைக்கு ஏற்றபடி கார்புரேட்டரில் ஜெட் (பெட்ரோல் அளவை விடும் துளை) மாற்றிய செட்டாகக் கேளுங்கள்.

குடிநீருக்கு டிரம்மும் டம்ளரும். பிளாஸ்டிக் பாட்டிலும் கப்பும் நீலகிரியில் தடை. வெளியூர் அணிகளுக்கு அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

எல்லாம் முடிந்தபின் இரண்டு மைய முளைகளையும் பிடுங்கிவிடாமல், ஒரு சாண் ஆழத்தில் கம்பி வைத்துக் கான்கிரீட் போட்டு மண்ணால் மூடுங்கள். கட்டட மூலைகள் இரண்டிலிருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் ஸ்டாக் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த வருடம் டிராக் போட ஒரு காலைப்பொழுது போதும்.