கதை எழுதும் நாட்களில் நான் வாசிப்பதும் பார்ப்பதும்

சிறுகதை எழுதிக்கொண்டிருக்கும்போது களைப்புத் தீர இன்னொருவரின் சிறுகதையைக் கையில் எடுத்தால் எனக்கு ஓய்வு கிடைப்பதில்லை. மனம் அங்கேயும் வேலைக்குப் போய்விடும்: இந்த வாக்கியம் நீளம், அந்த முடிவு அவசரம் என்று. அடுத்த நாள் என் பந்தியில் அவருடைய நடை வந்து குந்தியிருக்கும்.

இப்போது ஒரு கதை முடியும்வரை புனைவைத் தொடுவதில்லை. பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போவேன். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, பிறகு திருத்திக் கட்டப்பட்ட இடம். அங்கே சும்மா ஒரு புத்தகத்தைப் புரட்டுவதுகூட எனக்குச் சும்மா அல்ல. எடுப்பது மீன்பிடி, கிணறு, பனை பற்றிய நூல்கள். பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள், கள் இரண்டிலும் இறக்கலாம், நுங்கு பெண் பனையில் மட்டுந்தான் என்று ஆறுதலாக வாசிக்கும்போது திருத்த எதுவும் இல்லை. பென்சிலை வீட்டிலேயே விட்டுவிடுவேன்.

படம் என்றால் சிங்களப் படம், அதுவும் உபதலைப்பு இல்லாமல். என் சிங்களம் கடையில் பேரம் பேசத்தான் காணும். அதனால் முகங்களையும் கைகளையும் பார்க்கிறேன்: ஒருத்தி கோபத்தை அடக்கிக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையைத் துடைக்கிறாள், துடைத்ததையே திரும்பவும் துடைக்கிறாள். தமிழ்ப் படமென்றால் இதற்குள் வசனத்தைத் திருத்தத் தொடங்கியிருப்பேன். தியேட்டரில் பார்த்தால் இன்னும் நல்லது, போனை அணைக்க ஒரு சாட்டுக் கிடைக்கும்.

இதனால் கதை தானாக வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். காலையில் மேசைக்குப் போகப் பஞ்சியாக இருக்காது, அவ்வளவுதான்.