சோலைப் பறவைகளைத் தேடிப் போகுமுன்: திட்டத்திலேயே நடக்கும் தவறுகள்

"ஊட்டியில் சிரிப்பான் பறவையைப் பார்த்தாச்சு, அப்புறம் கொடைக்கானல் எதற்கு?" மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகளைப் பார்க்கத் திட்டமிடுபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

ஊட்டி இருக்கும் நீலகிரிக்கும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது; 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். குளிர்ந்த உச்சிகளில் உள்ள சோலை எனும் பசுமைமாறாக் காடுகளில் வாழும் பறவைகளில் பல அந்தச் சூடான பள்ளத்தைக் கடப்பதில்லை. அதனால் வடக்கே ஓர் இனம், தெற்கே வேறோர் இனம். நீலகிரியில் மார்பு செம்பழுப்பாக இருக்கும் நீலகிரிச் சிரிப்பான். பழனி, ஆனைமலைப் பக்கம் மார்பு சாம்பலாக இருக்கும் பழனிச் சிரிப்பான். சோலைக்கிளிகளும் அப்படியே. (பச்சைக்கிளியைத் தேடாதீர்கள். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகவே பறவைதான். இது அடர்நீலச் சின்னப் பறவை.) அகத்தியமலைச் சோலைக்கிளி 2017-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. பழைய கையேட்டை வைத்துப் பட்டியல் போட்டால் அது கணக்கிலேயே வராது.

மாறாக, நீலகிரி ஈப்பிடிப்பானும் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானும் கணவாயின் இரு பக்கமும் உண்டு. முதல் மலையில் அவற்றைப் பார்த்துவிட்டால் இரண்டாவது மலையின் காலைப்பொழுதை அவற்றுக்குக் கொடுக்க வேண்டாம்.

உயரமும் இப்படித்தான். ஊட்டி 2,240 மீட்டர். கேரளத்தின் தட்டேக்காடு சரணாலயம் 35 மீட்டரில் தொடங்குகிறது. மலபார் சாம்பல் இருவாச்சிக்குத் தட்டேக்காடு, சிரிப்பானுக்கு உச்சி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவே ஒரு பகல் கரைந்துவிடும். இரண்டு நாளில் நாலு ஊர் என்று போட்டால் மிஞ்சுவது ரோடுதான். ஒரு மலைக்குக் குறைந்தது இரண்டு விடியலாவது வையுங்கள்.

விடியல் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. பாதை சாம்பல் நிறமாகத் தெரியத் தொடங்கும் அரைமணி நேரத்தில்தான் சோலைக்கிளி ஓரத்துக்கு வந்து, நாலு தத்து தத்தி, நின்று, சருகைக் கொத்தும். ஆள் நடமாட்டம் தொடங்கியதும் புதருக்குள் போய்விடும். ஓட்டலில் இட்லி முடித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் குரல் மட்டும்தான்.

அந்த வெளிச்சத்துக்கு 10×25 பைனாகுலர் உதவாது. முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் மில்லிமீட்டர் விட்டம். 25-ஐ 10-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2.5 மில்லிமீட்டர், 8×42-இல் ஐந்துக்கு மேல். தட்டேக்காடு போன்ற புழுக்கமான இடத்தில் ஏசி அறையிலிருந்து எடுத்தவுடன் லென்ஸ் பனிபிடிக்கும். கிளம்ப அரைமணி முன்பே வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. மழையும் அட்டையும் குறைவு. ஆனால் நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவைக்காக மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவை நம்பிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: வரையாடு குட்டி ஈனும் காலமென்று அந்தப் பூங்காவைப் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். தேதியை உறுதிசெய்த பிறகு அறை போடுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது அடுத்த தவறு. எல்லை காக்கும் பறவை, எதிரி நுழைந்துவிட்டதென்று இரையையும் கூட்டையும் விட்டு ஓடிவரும். காலையில் பத்துக் குழு இதையே செய்தால் என்ன ஆகும்?

இருட்டில் தனியாக நடக்காதீர்கள். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் ஓரங்களில் தேயிலைக்குள் காட்டுமாடு சத்தமில்லாமல் நிற்கும்; பறவையை அண்ணாந்து பார்த்தபடி பின்வாங்குகிறவருக்கு அது தெரியாது.