நுரைமிதப்புத் தொட்டியைச் சோதிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பினாங்கில் நிபோங் திபால் யுஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் கனிம வளப் பொறியியல் படித்துவிட்டு, பகாங் தங்க ஆலைகளுக்கும் வெளிநாட்டுச் செப்பு ஆலைகளுக்கும் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நுரைமிதப்புத் தொட்டி என்பது அரைத்த தாதுவும் தண்ணீரும் கலந்த ஸ்லரிக்குள் காற்றுக் குமிழிகளை விட்டு, தேவையான கனிமத்தை நுரையோடு மிதக்கவைத்துப் பிரிக்கும் தொட்டி. அதைச் சோதிப்பது என்றால் ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நாளில் ஸ்லரியை வடித்துவிட்டு உள்ளே பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய தவறே அதுதான். பாதி விஷயம் தொட்டி ஓடும்போதுதான் தெரியும், நிறுத்தியபின் தேடினாலும் கிடைக்காது.

முதலில் நுரையைப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் கொதிப்பது போலப் பெரிய குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தால் காற்று சரியாகச் சிதறவில்லை. ஸ்லரியைக் கலக்கிச் சுழலும் ரோட்டரோ, அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரோ தேய்ந்திருக்கலாம், காற்றே அளவுக்கு மீறியும் போயிருக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்க மோட்டார் ஆம்ப்ஸ், அதாவது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம், உதவும், ஆனால் அதை மட்டும் தனியாக எழுதி வைத்துப் பிரயோஜனமில்லை. காற்றைக் கூட்டினாலே ரோட்டரைச் சுற்றியுள்ள ஸ்லரி லேசாகி ஆம்ப்ஸ் இறங்கிவிடும், ரோட்டர் தேய்ந்தாலும் இறங்கும், ஸ்லரியில் தண்ணீர் கூடினாலும் இறங்கும். அதனால் ஆம்ப்ஸ், காற்றின் அளவு, ஸ்லரி அடர்த்தி மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒரே வரியில் எழுதுங்கள். மற்ற இரண்டும் மாறாமல் ஆம்ப்ஸ் மட்டும் மாதத்துக்கு மாதம் இறங்கினால் தேய்மானம் என்று சந்தேகப்படலாம். "நார்மல்" என்று டிக் போடும் செக்லிஸ்ட்டில் இது எதுவுமே பதிவாகாது, எனக்கு அதில்தான் கோபம்.

ஸ்கிரீனில் தெரியும் ஸ்லரி மட்டத்தையும் அப்படியே நம்பாதீர்கள். மட்டத்தை அளக்கும் மிதவையின் கம்பியில் நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டால் மிதவை சிக்கிவிடும், மட்டம் ஏறி இறங்கினாலும் எண் அசையாது. ஷிப்டுக்கு ஒரு தடவையாவது நுரையின் ஆழத்தைக் கையால் அளந்து ஒப்பிடுங்கள். நுரை ஒரு பக்கம் மட்டுமே வழிந்தால் தொட்டியின் விளிம்பு மட்டமாக இருக்கிறதா என்றும் பார்க்கணும்.

சரி, ஷட்டவுன் வந்தாச்சு. வடித்தவுடன் ஹோஸை எடுத்துக் கழுவ ஆரம்பிக்காதீர்கள்! அடியில் மணல் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்பதுதான் கலக்கல் எங்கே பலவீனம் என்பதற்குச் சாட்சி, படம் எடுத்தபிறகு கழுவுங்கள். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையிலான இடைவெளியை ஒரு இடத்தில் அளந்துவிட்டு விடாமல் சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும், தேய்மானம் எப்போதும் சமமாக இருக்காது.

உள்ளே இறங்குவது தனி விஷயம், இதில் அவசரமே கூடாது. கனிமம் குமிழியில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சாந்தேட் என்ற ரசாயனம் சிதைந்தால் கார்பன் டைசல்பைடு வரும். அது நச்சு, சட்டென்று தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானதால் அடியிலேயே தங்கும், நம் ஊர் வெப்பமும் ஈரமும் சாந்தேட் சிதைவதை இன்னும் வேகமாக்கும். மேலே நின்று வாயுவை ஒரு தடவை அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், அடிமட்டத்திலும் அளக்கணும். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் யாரும் இறங்கக்கூடாது. மூடிய இடங்களில் வேலை செய்வதற்கான மலேசியாவின் 2010ஆம் ஆண்டு நடைமுறை விதியின்படி அனுமதிச் சீட்டும் வெளியே காவல் நிற்க ஓர் ஆளும் வேண்டும். மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைப் பூட்டி, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அப்புறம் மறுபடி ஓட்டும்போது. மின்சாரம் போய் வந்த தொட்டியில் மணல் ரோட்டரைக் கவ்விப் பிடித்திருக்கும். ஸ்டார்ட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பெல்ட் வழுக்கிக் கருகும், மோட்டரும் சூடாகும். முதலில் தண்ணீர் அடித்து மணலை இளக்குங்கள். மோட்டரைக் கழற்றி மாட்டியிருந்தால் ஒரு நொடி மட்டும் ஓடவிட்டுச் சுழலும் திசையைப் பாருங்கள், ஏனென்றால் வயர் மாறினால் ரோட்டர் எதிர்த்திசையில் சுற்றும். சில வகை ரோட்டர்களை வேண்டுமென்றே திசை மாற்றி ஓட்டலாம், சிலவற்றைக் கூடவே கூடாது. உங்கள் தொட்டி எந்த வகை என்று மேனுவலில் இருக்கும்.